வீடு யார் பெயரில்

பிள்ளைகளே,

மகள், போன கிழமை நீ நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்து, சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாய். அம்மா திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தாய். எப்போது கலியாணம் கட்டப் போகிறீர், கட்டினால் வேலையை விட்டுவிடுவீரோ, பிள்ளை பிறந்தால் என்ன செய்வீர் என்றெல்லாம் கேட்டார்களாம். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். "சிரிச்சனான்" என்றாய்.

மகன், நீ அப்போது கதிரையில் சாய்ந்துகொண்டு, "அது எல்லா இடத்திலயும் கேக்கிறது தானே அப்பா. நாங்களும் கேக்கிறனாங்கள்" என்றாய்.

அன்றைக்கு நான் ஒன்றும் கதைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் வாய் கட்டிப்போகும், அது உங்களுக்குத் தெரியும். கை மட்டும் கட்டுவதில்லை. அதனால் எழுதுகிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிற மகளுக்கும், அந்தப் பக்கம் இருக்கிற மகனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மகன், உன்னோடு வேலைக்கு ஆள் எடுக்கிற ஆளணிப் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் இதை வாசிக்கக் கொடு. எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்கட்டும், பரவாயில்லை. விஷயத்துக்குச் சிரித்தால் என்னிடம் அனுப்பி வை.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. என்னுடைய ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல, கடற்படைத் தளத்துப் பண்டசாலையில் காதால் பிடித்தது. வெள்ளைக்காரர் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு திருகோணமலையில் பாதிச் சனத்துக்கு வேலை இல்லை. எனக்குத் துறைமுகத்தில் கப்பல் சாமான் ஏற்றி இறக்குகிற ஒரு கம்பனியில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. கம்பனியின் பெயர் வேண்டாம். அது இப்போது இல்லை.

அங்கே வேலை செய்த பெரும்பாலானவர்கள் நாட்கூலிகள். விடியக் கேற்றடியில் வந்து நிற்பார்கள். கங்காணி ஆளைப் பார்த்து விரலை நீட்டுவான். விரல் நீண்டவன் உள்ளே போவான், மற்றவன் வீட்டுக்குப் போவான். கப்பல் இல்லையென்றால் எல்லோரும் வீட்டுக்குத்தான். "நிரந்தரம்" என்ற சொல் அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்று மாதச் சம்பளத்தில் வளர்ந்த உங்களுக்கு விளங்காது. நிரந்தரமானவனுக்குக் கப்பல் வந்தாலும் சம்பளம், வராவிட்டாலும் சம்பளம். காய்ச்சல் வந்தால் படுக்கலாம். கடைக்காரன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.

ஒரு வருஷம், பாரந்தூக்கி விஞ்சுகளை இயக்குகிறவர்களை நிரந்தரமாக்கப் போகிறோம் என்று கம்பனி அறிவித்தது. அதற்காகக் கொழும்பிலிருந்து ஓர் ஆளணி அதிகாரி வந்தார். வெள்ளைச் சேட்டு, வெள்ளைக் காற்சட்டை, கையில் ஒரு படிவம். ஆங்கிலப் படிவம். எங்கள் ஆட்களுக்கு அதை வாசிக்க ஏலாது. ஆகவே நான் யன்னலடியில் இருந்து கேள்வியைத் தமிழில் சொல்லுவேன், அவர்கள் பதில் சொல்லுவார்கள், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன்.

பெயர், வயது, எத்தனை வருஷ அனுபவம், கண் பார்வை எப்படி. இதெல்லாம் சரி. விஞ்சு இயக்குகிறவனுக்குக் கண் வேண்டும். அதற்குப் பிறகு வந்தது வேறு. என்ன மதம்? தகப்பனின் தொழில் என்ன? பரம்பரையாக எந்தப் பகுதி? இந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று எனக்கும் தெரியும், யன்னலுக்கு வெளியே நிற்கிறவனுக்கும் தெரியும். அவன் குரலைத் தாழ்த்திப் பதில் சொல்லுவான். பின்னால் நிற்கிறவன் கடலைப் பார்ப்பான். தேங்காய் உரிக்கிற தகப்பனுக்கும் கப்பலில் தூக்குகிற மூட்டைக்கும் என்ன உறவு? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அதற்கும் கீழே ஒரு கேள்வி இருந்தது: உமது சொந்தப் பெயரில் வீடு உண்டா?

உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மகனோடு வேலை செய்கிற வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு. தகப்பனும் தமையன்மாரும் உழைத்து வீட்டைக் கட்டி, அவளுக்குச் சீதனமாக உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். கட்டுகிற மாப்பிள்ளை பெட்டியோடு அவளுடைய வீட்டுக்கு வருவான். தங்கச்சிக்குக் கல் சுமந்த தமையன், தன்னுடைய கலியாணத்துக்குப் பிறகு வேறொருத்தியின் தமையன் கல் சுமந்து கட்டிய வீட்டில் இருப்பான். கிண்ணியா, மூதூர்ச் சோனக முஸ்லிம் ஆட்களும் நாங்களும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். கலியாணம் கட்டிய ஒருவனின் பெயரில் வீடு இருக்கிறது என்றால், "ஏன், அங்க என்ன நடந்தது?" என்று சனம் விசாரிக்கும்.

ஆகவே யன்னலுக்கு வந்த ஒவ்வொருவனும் கூச்சமில்லாமல் சொன்னான்: "இல்லை அண்ணை. வீடு மனுசியின்ர." நான் "இல்லை" என்று எழுதினேன். கட்டு முழுவதும் இல்லை, இல்லை, இல்லை.

அதிகாரி கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் வேரோடு நிற்கிற ஒரு மனிதனும் இல்லையா என்று கேட்டார். நான் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவர் அதைக் கேட்ட விதம், நான் ஏதோ காட்டுச் சனத்தைப் பற்றிச் சொல்வது போல. தன் தலைக்கு மேலே ஒரு கூரையை வைத்திருக்கத் தெரியாதவனின் கையில் விஞ்சைக் கொடுக்க ஏலாது என்று சொல்லிவிட்டு, "இல்லை" என்று இருந்த படிவங்களையெல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளினார்.

கதை இறங்குதுறை முழுவதும் பரவிவிட்டது. உறுதி இருந்தால் வேலை. அப்போதுதான் எங்கள் ஆட்கள் அந்தப் பிழையைச் செய்யத் தொடங்கினார்கள். மனைவிமாரைக் கெஞ்சி, அழுது, சிலர் அடித்து, வீட்டைத் தங்கள் பெயருக்கு மாற்றினார்கள். உறுதி எழுதுகிற நொத்தாரிசின் வாசலில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை நான் கண்ணால் கண்டேன். ஒரு படிவத்தில் இருந்த ஒரு வரி அவர்களை அங்கே கொண்டு போய் நிறுத்தியது.

முதலில் மாற்றியவன் ஒருவன் உடனே நிரந்தரமானான். அவனுடைய பெயரைச் சொல்ல மாட்டேன், பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயர் மாறின கையோடு அவனுக்குப் புத்தியும் மாறியது. வருஷம் முடிவதற்குள் வீட்டை விற்றுவிட்டு, எங்கே என்று சொல்லாமல் போய்விட்டான். மனைவியும் பிள்ளைகளும் அவளுடைய தமக்கையின் வீட்டுக் குசினிக்குப் பின்னால் சாய்ப்பாக ஒரு பத்தியை இறக்கி அதற்குள் இருந்தார்கள். இதை நான் அதிகாரியிடம் சொன்னேன். வீடு மனைவியின் பெயரில் இருந்திருந்தால் அவன் விற்றிருக்க ஏலாது, ஓடியிருக்கவும் மாட்டான், உங்களுக்கும் ஓர் ஆள் மிஞ்சியிருப்பான் என்று சொன்னேன். துரதிர்ஷ்டம் என்றார். அந்தக் கேள்வியை மட்டும் எடுக்கவில்லை. ஒரு குடும்பத்தைத் தெருவில் விட்ட பிறகும் அந்தக் கேள்வி அப்படியே படிவத்தில் இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தலைமை எழுதுவினைஞர் இருந்தார். நான் வேலை பழகியது அவரிடம்தான். ஒருநாள் பிளேன்ரீ குடிக்கும்போது அவர் எனக்கு ஒரு புத்தி சொன்னார். கேட்கக் கூடாத கேள்வி ஒவ்வொன்றுக்கும் பின்னால் கேட்கிறவனின் ஒரு பயம் இருக்கும், கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லப் பழகு என்றார். இந்த அதிகாரிக்குப் பயம், ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விடுவார்கள் என்று. அந்தப் பயம் நியாயமானது. அதைக் கேட்கிற வழிதான் நாறல். நல்ல புத்திதான். மகள், உனக்கும் அது உதவும். சொன்ன மனிசனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி நாகராசாவின் கதை.

நாகராசா பிறந்தது நிலாவெளியில். கலியாணம் கட்டியது மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானில். ஒவ்வொரு நாளும் மூதூர் லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து வேலைக்கு வருவான். விஞ்சில் அவன் இருந்தால் கீழே நிற்கிறவர்கள் மேலே அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். அதற்கு மேல் அவனுடைய திறமையைப் பற்றி எழுதத் தேவையில்லை. முதல் தடவை அவனுடைய படிவமும் "இல்லை" கட்டோடு ஒதுங்கிப் போனது. அடுத்த தடவை விண்ணப்பம் கேட்டபோது யன்னலடிக்கு வந்து, நேர்முகத்துக்கு வரும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவேன், அதிகாரி ஓமென்று சொன்னால் அன்றைக்கே கோட்டடி நொத்தாரிசிடம் போய்ப் பெயரை மாற்றிவிடுவோம் என்றான்.

"மாத்தாத தம்பி" என்றேன். அந்த ஓடிப்போனவனின் கதையைச் சொன்னேன். தலைமை எழுதுவினைஞர் சொன்ன புத்தியையும் சொல்லிக் கொடுத்தேன்.

அவன் கோபப்படவில்லை. யன்னல் கம்பியில் கையை வைத்துக்கொண்டு சொன்னான்: "அண்ணை, உங்களுக்கு மாசம் முடிய மேசைக்குச் சம்பளம் வருது. எனக்கு ஒருத்தன்ர விரல் நீள வேணும். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

அவனுக்கு இரண்டு மகள்கள். மூத்தவளுக்குப் போக வேண்டிய வீடு அது. அந்த வீட்டைக் கொடுத்தால்தான் அந்த மகள்களுக்குச் சோறு என்று ஒரு படிவம் அவனுக்குச் சொல்லியிருக்கிறது.

நேர்முக நாள் வந்தது. அறைக்குள் ஒரு மேசை. நடுவில் அதிகாரி, பக்கத்தில் தலைமை எழுதுவினைஞர். ஓரத்தில் நான், மொழிபெயர்க்க. வெளியே வாங்கில் நாகராசாவின் மனைவி பூமணி, மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் உறுதி. அவன் கேட்டும் அவள் அதை அவனுடைய கையில் கொடுக்கவில்லையாம். அவன் என்னைப் பார்த்து, "உள்ள போய் இருக்குமட்டும் அது அவவின்ர" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தான்.

கதவு திறந்தபடி இருந்தது. அந்த அறையில் காற்று வராது, எப்போதும் திறந்துதான் வைப்போம்.

வேலையைப் பற்றி ஒன்றிரண்டு கேட்டார்கள். பிறகு அதிகாரி படிவத்தில் விரலை வைத்து, வீடு என்றார். நாகராசா நான் சொல்லிக் கொடுத்ததைத் தன்னுடைய வாயால் சொன்னான். "வீடு மனுசியின்ர. நான் அதை விக்க ஏலாது, விட்டிட்டுப் போகவும் ஏலாது. அதால சேர் என்னைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை." எனக்கு உள்ளே சந்தோஷம். ஒரு சொல்லும் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரி சிரித்தார். கதிரையில் சாய்ந்தார். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "அப்படியானால் இவன் அந்தப் பெண்ணுக்குப் புருஷனா, வாடகைக்கு இருப்பவனா என்று கேளும். இரவில் அவள் கதவைத் திறந்து விடுகிறாளா என்றும் கேளும்."

நான் தலைமை எழுதுவினைஞரைப் பார்த்தேன். அவர் தன்னுடைய பேனாவின் மூடியைக் கழற்றினார். திரும்பவும் பூட்டினார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இப்படியான நேரத்தில் மொழிபெயர்க்கிறவன் என்ன செய்வான்? மெதுவாக்குவான். கல்லை எடுத்துவிட்டுச் சோற்றைப் போடுவது போல. "வீட்டில் சந்தோஷமா இருக்கிறீரோ எண்டு கேக்கிறார்" என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பான். கேட்கப்பட்டவனுக்கு நோகாது, கேட்டவனுக்குப் பதில் வரும், வேலை நடக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் அப்படிச் செய்தால், அந்தக் கேள்வியைக் கேட்டவனுக்குத் தான் கேட்டது சரி என்று ஆகிவிடும். பதில் வந்துவிட்டதே. அடுத்தவனிடமும் கேட்பான். அப்படியே சொன்னாலோ, அந்த நாறல் என்னுடைய வாயால் வரும். அவன் காதில் விழுவது என்னுடைய குரல். இதெல்லாம் யோசித்து முடிக்க அங்கே நேரமில்லை. வந்தது ஒன்றுதான். கோபம்.

"சேர், இதை நான் தமிழில் கேட்கமாட்டேன்" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. சொல் தெரியவில்லையா என்று கேட்டார். சொல் தெரியும், கேட்கமாட்டேன், இது விஞ்சைப் பற்றின கேள்வி இல்லை என்றேன். உம்முடைய வேலை நான் சொல்வதைச் சொல்வது என்றார். ஓம் சேர், இதைச் சொல்வது என்னுடைய வேலை இல்லை என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வெளியே வாங்கில் இருந்தவர்களுடைய கதை நின்றுவிட்டது.

நாகராசா என்னைப் பார்த்து, "என்னவாம் அண்ணை?" என்று கேட்டான்.

"கேக்கக் கூடாத ஒண்டைக் கேக்கிறார். நான் சொல்லயில்லை" என்றேன்.

அவன் அதிகாரியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அமைதியாகச் சொன்னான்: "வீட்டைப் பற்றித்தானே. வீட்டுக்காரி வெளியில இருக்கிறா. அவவைக் கேக்கச் சொல்லுங்கோ."

இதை நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி, சரி, கூப்பிடும் அவளை என்றார். வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்திருப்பார்.

பூமணி செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தாள். மெலிந்த மனுஷி. இருக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. நான் என்னுடைய கதிரையைத் தள்ளிக் கொடுத்தேன். இருந்தாள். துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இன்றைக்கே வீட்டைப் புருஷனுடைய பெயருக்கு எழுதிக் கொடுப்பாயா என்று கேட்கும் என்றார் அதிகாரி. இதை நான் அப்படியே அவளிடம் கேட்டேன். ஏன் என்றால், வீடு அவளுடையது. கொடுப்பதும் மறுப்பதும் அவளுடைய உரிமை. அவளுக்காக நான் வாயை மூடிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. கேவலத்தைச் சுமக்க மறுக்கலாம். ஒருத்தி பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவளை மறைத்துக்கொண்டு நிற்கக்கூடாது.

அவள் கையெழுத்து வைக்கத்தான் வந்திருந்தாள். அது அவளுடைய முகத்தில் தெரிந்தது. பதில் சொல்ல முதல் என்னிடம் திரும்பி, "அண்ணை, முதல்ல இவர் என்ன கேட்டவர்? நீங்கள் கேக்கக் கூடாத ஒண்டு எண்டது வெளியில கேட்டது" என்றாள்.

"உங்கட மனிசனைக் கேவலப்படுத்திக் கேட்டவர், தங்கச்சி."

"என்னையும் சேர்த்தோ?"

நான் தலையை ஆட்டினேன்.

அவள் பையின் வாரைக் கையில் சுற்றினாள். பிறகு அதிகாரியைப் பார்த்தே தமிழில் சொன்னாள்: "வேலை அவருக்கு. கேள்வி எனக்கோ?"

மொழிபெயர்த்தேன்.

"இன்னும் ஒண்டு சொல்லுங்கோ அண்ணை. விஞ்சுக் கயிறு அறுந்து நாளைக்கு இவருக்கு ஒண்டு நடந்தா, கம்பனி என்ர பேரில ஒரு வீடு எழுதித் தருமோ? தருமெண்டு இந்த ஐயா எழுத்தில தரட்டும். நான் இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லை மொழிபெயர்த்திருக்கிறேன். அதைப் போல ஒன்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னதில்லை.

அதிகாரியின் முகம் கறுத்தது. இந்த அறையில் கேள்வி கேட்பது கம்பனி, பதில் சொல்வது கம்பனியின் வேலை இல்லை என்று சொல்லும் என்றார். சொன்னேன்.

"அப்ப எனக்கும் இஞ்ச வேலை இல்லை" என்று பூமணி எழுந்தாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. வீரம் பேசிய பார்வை இல்லை. உங்களுடைய வேலையைக் கெடுத்துப்போட்டேனோ என்று கேட்கிற பார்வை. நியாயமாகப் பேசிய ஒருத்தி அப்படிப் பயந்துகொண்டு பார்க்க வேண்டி வந்ததே, அதற்குத்தான் என்னுடைய கோபம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தணியவில்லை.

நாகராசா எழுந்து, அதிகாரிக்குத் தலையைச் சரித்துவிட்டு அவளுக்குப் பின்னால் போனான். நானும் வாசல்வரை போனேன். வெளியே வாங்கடியில் அவன் அவளிடம் குனிந்து கேட்டது என் காதில் விழுந்தது.

"இஞ்ச பார், இரவைக்குக் கதவைத் திறந்து விடுவியோ, இல்லாட்டி வாடகை கேப்பியோ?"

அவளுக்கு அது விளங்கவில்லை. "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?" என்றாள். அவன் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான், சிரிப்பு நின்றது.

நான் சொல்ல மறுத்த அத்தனையும் அவனுக்கு விளங்கியிருக்கிறது. வெள்ளைக்காரக் கப்பல்களில் வேலை செய்தவன், அந்த அளவு ஆங்கிலம் அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கதிரையில் இருந்திருக்கிறான். தெரிந்துகொண்டேதான், "என்னவாம் அண்ணை" என்று என்னிடம் கேட்டிருக்கிறான். நான் சொல்லுவேனோ என்று பார்த்திருக்கிறான்.

நாகராசா நிரந்தரமாகவில்லை. அவனுடைய படிவத்தில் "பொருத்தமற்றவர்" என்று எழுதப்பட்டது. அவன் பிறகும் கேற்றடியில் விரலுக்காக நின்றான். பூமணியின் வீடு பூமணியின் பெயரிலேயே இருந்தது, மூத்த மகளுக்குப் போனது. நீங்கள் இதைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமான முடிவு என்று சொல்லாதீர்கள். ஒரு நல்ல வேலைக்காரன் வயதாகும்வரை கேற்றடியில் நின்றான். வீட்டையும் வேலையையும் தராசில் வைத்து ஒன்றை எடு என்று கேட்டதே அநியாயம். அதில் எதை எடுத்தாலும் என்ன சந்தோஷம்?

என்னை நேர்முக அறையிலிருந்து எடுத்துவிட்டுக் களஞ்சியத்தில் மூட்டை எண்ணப் போட்டார்கள். தலைமை எழுதுவினைஞர் ஒருநாள் அங்கே வந்து, "நல்லாத்தான் செய்தனீர்" என்று காதுக்குள் சொல்லி, எனக்கு ஒரு பிளேன்ரீ எடுப்பித்தார். நான் அதைக் குடிக்கவில்லை. புத்தி சொன்ன வாய், சொல்ல வேண்டிய இடத்தில் பேனா மூடியோடு விளையாடிக்கொண்டிருந்தது. அதிகாரி வேறொருவரை மொழிபெயர்க்க வைத்து மேலும் இருவரிடம் அதையே கேட்டார் என்று பிறகு அறிந்தேன். அவர் பக்கத்தில் இருந்த ஒரேயொரு ஆள், அவருக்குச் சமமாகப் பேசக்கூடிய ஆள், பேசவில்லை. கேட்டவனில் எனக்கு எவ்வளவு கோபமோ, கேட்டுக்கொண்டு இருந்தவனிலும் அவ்வளவு கோபம்.

மகள், உனக்குச் சொல்கிறேன். சிரிக்காதே. நீ சிரித்தால் அவர்கள் அதைப் பதிலாக எழுதிக்கொள்வார்கள். வேலை கட்டாயம் வேண்டும் என்றால், கேள்விக்குப் பின்னால் இருக்கிற பயத்தைப் பிடித்து அதற்குப் பதில் சொல்லு: "நான் ஒழுங்கா வேலைக்கு வருவன், பொறுப்பெடுத்ததை முடிப்பன்" என்று. அதற்கு மேலும் தோண்டினால், இந்த வேலைக்கு அது எதற்குத் தேவை என்று மரியாதையாகத் திருப்பிக் கேள். அதனால் வேலை போகலாம். போகாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நாகராசாவுக்குப் போனது. வேலை இல்லாத ஒருவருக்கு வீரம் சொல்லிக் கொடுப்பது சுலபம் என்றும் எனக்குத் தெரியும், அவன் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதை எனக்குப் படிப்பித்தான். எங்கே வளைவது, எங்கே நிற்பது என்று நீதான் முடிவெடுக்க வேண்டும். எதை முடிவெடுத்தாலும் இந்த வீட்டில் உனக்குச் சோறு இருக்கும்.

மகன், உனக்கு இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டும். "எல்லா இடத்திலயும் கேக்கிறது தானே" என்றாய். நீ மேசையில் இருந்து கேட்கிற கேள்வி அந்த அறையோடு முடிந்துபோவதில்லை. அது அந்த மனிசனோடு லோஞ்சில் ஏறி அவனுடைய ஊருக்குப் போகும். அவனுடைய வீட்டுக்குள் நுழையும். அலுமாரியைத் திறந்து உறுதியைத் தேடும். புருஷன் மனைவிக்கு நடுவில் பாய் போட்டுப் படுக்கும். நீ உன்னுடைய பிளேன்ரீயைக் குடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பாய், உனக்குத் தெரியாது. வேலைக்கு என்ன வேண்டுமோ அதைக் கேள். கண் வேண்டுமென்றால் கண்ணைச் சோதி. நேரத்துக்கு வர வேண்டுமென்றால் நேரத்தைப் பற்றிக் கேள். பக்கத்தில் இருக்கிறவன் கேட்கக் கூடாததைக் கேட்டால், பேனா மூடியைத் திருகிக்கொண்டு இராதே. உன் தங்கச்சியிடம் கேட்டவனுக்குப் பக்கத்திலும் யாரோ ஒருவன் இருந்திருப்பான்.

கடைசியாக ஒன்று. இதை நான் உங்களுடைய அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

அந்தப் படிவம் அதற்குப் பிறகும் பல வருஷம் பாவனையில் இருந்தது. அதிகாரி கொழும்புக்கு மாற்றலாகிப் போனார். வேறு அதிகாரிகள் வந்தார்கள். படிவத்தின் நடுவில் வெள்ளையாக ஓர் இடம் இருக்கும், அங்கே ஒன்றும் இராது. யன்னலடியில் என்னுடைய இடத்துக்குப் புதிதாக வந்த பொடியன் அந்த இடத்தைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். படியெடுக்கிற ரோணியோ மெசினின் குறைபாடு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நாகராசாவும் பூமணியும் போன அன்று மத்தியானம், அதிகாரி சாப்பிடப் போன பிறகு, நான் ரோணியோ அறைக்குப் போனேன். அந்தப் படிவத்தை அச்சடிக்கிற மெழுகுத் தாள், ஸ்டென்சில், சுவர் ஆணியில் பழைய பத்திரிகைக்குள் தொங்கியது. அதை மேசையில் விரித்தேன். தட்டெழுத்துப் பிழை விட்டால் பூசி மூடுகிற சிவப்புத் திரவம் ஒரு சின்னப் போத்தலில் இருந்தது, மூடியோடு சேர்ந்த சின்னத் தூரிகை. அதைப் பூசின இடத்தில் மை இறங்காது, அச்சு விழாது. வீட்டைப் பற்றிய கேள்வியின் மேல் ஒவ்வோர் எழுத்தாகப் பூசினேன். அவசரப்பட்டால் தாள் கிழிந்துவிடும். பிறகு தகப்பனின் தொழிலுக்குப் பூசினேன். பரம்பரைப் பகுதிக்குப் பூசினேன். மதத்துக்கும் பூசினேன். ஈரத்தோடு மடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்று, குனிந்து, அது காயும்வரை ஊதிக்கொண்டு நின்றேன்.